நூறில் ஒரு பங்கு: வகையிடல் விதிகளைக் கற்கும் வழி

(மேல்நிலை வகுப்பு மாணவர்களும் கணித ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த மதுரை அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தில் வரும் வகையிடல் பற்றி இன்று பேசப் போகிறேன். பாடநூலின் இரண்டாம் தொகுதியில் 9ஆம் இயல் எல்லைகளும் தொடர்ச்சியும். 10ஆம் இயல் வகையிடல் முறைகள். அந்த 10ஆம் இயலைத் திறந்தால் விதிகள் வரிசையாக நிற்கின்றன: கூட்டல் விதி, பெருக்கல் விதி, வகுத்தல் விதி, சங்கிலி விதி. அவற்றோடு ஒரு நீண்ட சூத்திரப் பட்டியல். பிள்ளைகள் அதை வாய்பாடு போல ஒப்பிக்கிறார்கள். அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் பாதி மறந்துவிடுகிறது, மீதி ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. கழித்தலில் எது முன்னால் வரும், கீழே வர்க்கம் உண்டா இல்லையா என்று தேர்வு அறையில் தவிக்கிறார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது. ஞாபகசக்தியைக் குறை சொல்லிப் பயனில்லை. விதி எதைப் பற்றிப் பேசுகிறது என்று தெரியாமல் விதியை மட்டும் சுமந்தால் அது நெடுநாள் தங்காது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். எந்த வகையிடல் விதியையும் சோதிக்காமல் ஏற்காதீர்கள். சோதனை மிக எளிது. மாறுகிற அளவை 0.01 மட்டும், அதாவது நூறில் ஒரு பங்கு மட்டும், நகர்த்துங்கள். விடை எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து, அதை நூறால் பெருக்குங்கள். விதி சரியாக இருந்தால் அது சொல்லும் எண்ணுக்குப் பக்கத்தில் உங்கள் எண் வந்து நிற்கும். வரவில்லையென்றால் எங்கோ பிழை இருக்கிறது. ஒவ்வொரு விதியையும் ஒருமுறை இப்படிக் கையால் தொட்டுப் பார்த்தவருக்கு அது சொந்தமாகிவிடும்.

இருப்பும் வேகமும்

முதலில் வகைக்கெழு என்றால் என்ன என்று பார்ப்போம். மதுரைக்காரர்கள் அதைத் தினமும் நாளிதழில் படிக்கிறார்கள். மழைக்காலத்தில் வைகை அணைச் செய்தியில் நான்கு எண்கள் வரும். நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் வினாடிக்கு இத்தனை கன அடி, நீர் இருப்பு இத்தனை மில்லியன் கன அடி. ஆண்டிப்பட்டி அருகே 1959இல் திறக்கப்பட்ட அந்த அணையில் 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். அப்போது இருப்பு 6,000 மில்லியன் கன அடிக்குச் சற்று மேல்.

இந்த நான்கில் மட்டமும் இருப்பும் 'எவ்வளவு இருக்கிறது' என்று சொல்கின்றன. வரத்தும் வெளியேற்றமும் 'எவ்வளவு வேகமாக மாறுகிறது' என்று சொல்கின்றன. 'வினாடிக்கு' என்ற சொல்தான் இங்கே உயிர். பேச்சில் நாம் அதை விட்டுவிட்டு '2,000 கன அடி தண்ணீர் வருகிறது' என்கிறோம். கணக்கில் அதை விடக் கூடாது.

ஒரு நாள் வரத்து வினாடிக்கு 2,000 கன அடி, வெளியேற்றம் வினாடிக்கு 900 கன அடி என்று வைத்துக்கொள்வோம். ஆவியாவதையும் கசிவதையும் இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம். இருப்பு வினாடிக்கு 1,100 கன அடி வீதம் ஏறுகிறது. இந்த 1,100தான் இருப்பின் வகைக்கெழு. ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். அதே வேகம் நாள் முழுவதும் நீடித்தால் ஏறக்குறைய 95 மில்லியன் கன அடி கூடும். மறுநாள் செய்தியில் வரும் இருப்போடு இதை நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதிலேயே இரண்டு விதிகள் அடங்கிவிட்டன. வைகை அணைக்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வருகிறது, கொட்டகுடி ஆற்றுத் தண்ணீர் வருகிறது, வருசநாட்டு மலையிலிருந்து மூல வைகை வருகிறது. மூன்றின் வேகத்தையும் கூட்டினால் மொத்த வேகம் கிடைக்கிறது. கூட்டலின் வகைக்கெழு வகைக்கெழுக்களின் கூட்டல் என்ற விதி இதுதான். வரத்தும் வெளியேற்றமும் சமமாக இருந்தால் இருப்பு அசையாமல் நிற்கும். மாறாத ஒன்றின் வகைக்கெழு பூச்சியம் என்பது இரண்டாவது விதி.

ஒன்றைக் கவனியுங்கள். அணை தளும்பி நிற்கும்போது வகைக்கெழு பூச்சியமாக இருக்கலாம். அடிமண் தெரிகிற கோடையில், முதல் வெள்ளம் வந்த அன்று வகைக்கெழு மிகப் பெரிதாக இருக்கலாம். அளவு வேறு, அளவு மாறும் வேகம் வேறு. இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் வகையிடலில் பாதி வந்துவிட்டது.

கிணற்றில் விழும் கல்

வேகம் மாறிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது? திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்தில் ஆழமான கிணறுகளுக்குக் குறைவில்லை. அப்படி ஒரு கிணற்றில் கல்லைப் போடுங்கள். காற்றின் தடையை விட்டுவிட்டால், கல் விழுந்த தூரம் அடிக்கணக்கில் ஏறத்தாழ 16 பெருக்கல் நேரத்தின் வர்க்கம். ஒரு வினாடியில் 16 அடி, இரண்டு வினாடியில் 64 அடி.

சரியாக ஒரு வினாடி முடிகிற அந்தக் கணத்தில் கல்லின் வேகம் என்ன? 1 வினாடியிலிருந்து 1.1 வினாடி வரை எடுத்துக்கொண்டால் சராசரி வேகம் வினாடிக்கு 33.6 அடி. 1.01 வரை எடுத்தால் 32.16. 1.001 வரை எடுத்தால் 32.016. முன்பக்கத்திலிருந்தும் வந்து பாருங்கள். 0.9இலிருந்து 1 வரை 30.4. 0.99இலிருந்து 1 வரை 31.84. மேலிருந்து வந்தாலும் கீழிருந்து வந்தாலும் எண்கள் 32ஐ நோக்கி நெருங்குகின்றன. அந்த 32தான் எல்லை. ஒரு வினாடியில் கல்லின் வேகம் வினாடிக்கு 32 அடி.

இங்கே வகுப்பில் ஒரு மாணவி கேட்பாள்: "ஐயா, நேர இடைவெளியைப் பூச்சியம் ஆக்கினால் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க வேண்டி வருமே?" ஆசிரியர்களே, இந்தக் கேள்வியைத் தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள். நியூட்டன் 1665, 1666 ஆண்டுகளில் இந்தக் கணிதத்தைக் கண்டார். 1734இல் பெர்க்லி என்ற அயர்லாந்துச் சிந்தனையாளர் இதே கேள்வியைத்தான் கடுமையாகக் கேட்டார். 1821இல் கோஷி என்ற கணித அறிஞர் எழுதிய நூலில்தான் எல்லை என்ற கருத்து தெளிவான அடித்தளமாக அமைந்தது. ஒன்றரை நூற்றாண்டு பெரிய அறிஞர்களை அலைக்கழித்த கேள்வி உங்கள் வகுப்பறையில் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வருகிறது. அது சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நாம் இடைவெளியைப் பூச்சியம் ஆக்குவதே இல்லை. அதைச் சுருக்கிக்கொண்டே போகும்போது விடை எந்த எண்ணை நெருங்குகிறது என்று மட்டும் பார்க்கிறோம். மேலே சொன்ன ஐந்து எண்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் அந்தப் பிள்ளைக்கு விளங்கிவிடும்.

தெப்பக்குளமும் பெருக்கல் விதியும்

இப்போது பெருக்கல் விதிக்கு வருவோம். பிள்ளைகள் அதிகம் இடறுகிற இடம் இது. இரண்டு சார்புகளின் பெருக்கலை வகையிடச் சொன்னால், இதையும் வகையிட்டு அதையும் வகையிட்டு இரண்டையும் பெருக்கி வைத்துவிடுகிறார்கள். கூட்டலுக்கு அப்படித்தானே செய்தோம், பெருக்கலுக்கும் அப்படியே இருக்கும் என்ற எண்ணம். இயல்பான எண்ணம்தான். இந்தக் கணிதத்தைப் படைத்தவர்களில் ஒருவரான லைப்னிட்ஸே 1675 நவம்பரில் தம் குறிப்பேட்டில் இப்படி இருக்குமா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். சோதித்துப் பார்த்தார், இல்லை என்று கண்டார். அந்த மாதத்திலேயே சரியான விதியை அடைந்தார். அவருடைய விதிகள் 1684இல்தான் அச்சில் வந்தன. அவர் செய்த சோதனையை நாமும் செய்வோம்.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் வெட்டிய குளம். தைப்பூசத்தன்று தெப்பம் சுற்றிவருகிற குளம். நீளம் ஏறத்தாழ 1,000 அடி, அகலம் ஏறத்தாழ 950 அடி. கணக்குக்கு இந்த எண்களையே வைத்துக்கொள்வோம். பரப்பு 9,50,000 சதுர அடி.

நீளத்தில் ஓர் அடி, அகலத்தில் ஓர் அடி கூட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். 1,001ஐ 951ஆல் பெருக்கினால் 9,51,951. கூடியது 1,951 சதுர அடி. இந்த 1,951 எங்கிருந்து வந்தது? ஒரு தாளில் குளத்தை வரைந்து பாருங்கள். நீளமான கரையை ஒட்டி 1,000 அடி நீளம், ஓர் அடி அகலத்தில் ஒரு பட்டை. அடுத்த கரையை ஒட்டி 950 அடி நீளம், ஓர் அடி அகலத்தில் இன்னொரு பட்டை. இரண்டும் சந்திக்கிற மூலையில் ஓர் அடிக்கு ஓர் அடி சதுரம். 1,000 கூட்டல் 950 கூட்டல் 1.

இப்போது நூறில் ஒரு பங்கு சோதனை. இரண்டு பக்கமும் 0.01 அடி மட்டும் கூட்டுங்கள். ஒரு பட்டை 10 சதுர அடி, இன்னொன்று 9.5 சதுர அடி, மூலை வெறும் 0.0001 சதுர அடி. மொத்தத்தை நூறால் பெருக்கினால் 1,950.01. இன்னும் சுருக்கினால் மூலை இருக்கும் இடம் தெரியாமல் போகிறது. பட்டைகள் இரண்டும் நிற்கின்றன. விடை 1,950.

பெருக்கல் விதி சொல்வது இவ்வளவுதான். முதலாவது அப்படியே நிற்க, இரண்டாவது மாறும் வேகத்தால் அதைப் பெருக்கு. இரண்டாவது அப்படியே நிற்க, முதலாவது மாறும் வேகத்தால் அதைப் பெருக்கு. இரண்டையும் கூட்டு. நீங்கள் வகுப்பில் 'யூ வி டேஷ் பிளஸ் வி யூ டேஷ்' என்று சொல்வது அந்த இரண்டு பட்டைகளைத்தான். இரண்டு வகைக்கெழுக்களையும் பெருக்கி வைத்தால் என்ன கிடைக்கிறது? அந்த மூலை மட்டும்தான் கிடைக்கிறது. முழுக் குளக்கரையையும் விட்டுவிட்டு, கடைசியில் காணாமல் போகிற மூலையைப் பிடித்துக்கொள்கிறோம். இந்தப் படத்தை ஒருமுறை வரைந்த பிள்ளை அந்தப் பிழையை மறுபடி செய்யமாட்டாள்.

இதிலிருந்து அடுக்கு விதி தானாக வருகிறது. எக்ஸின் வர்க்கம் என்பது எக்ஸ் பெருக்கல் எக்ஸ். இரண்டு பட்டைகளும் சமம், ஆகவே 2 எக்ஸ். எக்ஸ் கியூப் என்பது எக்ஸின் வர்க்கம் பெருக்கல் எக்ஸ். பெருக்கல் விதியைப் போட்டால் 3 பெருக்கல் எக்ஸின் வர்க்கம். இப்படியே போனால் எக்ஸ் பவர் என்னுக்கு, என் பெருக்கல் எக்ஸ் பவர் என் மைனஸ் ஒன்று. அடுக்கு முன்னால் இறங்கி வருவது ஏன்? பெருக்கலில் எத்தனை எக்ஸ் இருக்கிறதோ அத்தனையும் ஒவ்வொன்றாக மாறுகின்றன, ஒன்று மாறும்போது மற்றவை நிற்கின்றன. சோதியுங்கள். 2இன் கியூப் 8. 2.01இன் கியூப் 8.120601. வித்தியாசத்தை நூறால் பெருக்கினால் 12.06. விதி சொல்வது 12. வர்க்கமூலத்துக்கும் இதே விதி நிற்கிறதா? 25இன் மூலம் 5. 25.01இன் மூலம் 5.001க்கு ஒரு மயிரிழை கீழே. நூறால் பெருக்கினால் 0.1ஐ ஒட்டி வருகிறது. அடுக்கை அரை என்று வைத்து விதியைப் போட்டாலும் 0.1தான்.

மட்டம் ஏறும் வேகம்: சங்கிலி விதி

சங்கிலி விதியில் நடக்கும் பிழை வேறு வகை. 3 எக்ஸ் பிளஸ் 1 என்பதை வர்க்கப்படுத்தி, அதை வகையிடச் சொன்னால், '2 பெருக்கல் 3 எக்ஸ் பிளஸ் 1' என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே இருப்பதை வகையிட மறந்துவிடுகிறார்கள். எக்ஸ் 1 என்று வைத்துச் சோதியுங்கள். 4இன் வர்க்கம் 16. எக்ஸை 1.01 ஆக்கினால் உள்ளே 4.03 ஆகிறது, அதன் வர்க்கம் 16.2409. வித்தியாசத்தை நூறால் பெருக்கினால் 24.09. நிறுத்திவிட்ட விடை 8. உள்ளே இருக்கும் 3ஆல் பெருக்கினால் 24. காரணமும் கண்ணெதிரே இருக்கிறது. எக்ஸ் 0.01 நகர்ந்தபோது உள்ளே இருப்பது 0.03 நகர்ந்துவிட்டது, மும்மடங்கு வேகம். அந்த வேகம் வெளியேயும் சேர வேண்டும்.

இந்த விதி பரீட்சைக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். வைகைக் கரையில் குடியிருப்பவர்களுக்கு அது பாதுகாப்பு விஷயம். அணையில் தண்ணீர் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களின் கரையோர மக்களுக்கு அந்த அறிவிப்பு போகிறது. 66க்கும் 68.5க்கும் இடையே எத்தனை மணி நேரம் கிடைக்கும்? அதற்கு மட்டம் ஏறும் வேகம் தெரிய வேண்டும்.

நமக்கு நேரடியாகத் தெரிவது இருப்பு ஏறும் வேகம், வினாடிக்கு இத்தனை கன அடி. மட்டத்துக்கும் இருப்புக்கும் உள்ள உறவு தண்ணீர் பரந்திருக்கும் பரப்பில் இருக்கிறது. மட்டம் சிறிதளவு ஏறினால், அந்த ஏற்றத்தைப் பரப்பால் பெருக்கிய அளவு தண்ணீர் கூடுகிறது. ஆகவே இருப்பு ஏறும் வேகம் என்பது பரப்பு பெருக்கல் மட்டம் ஏறும் வேகம். சங்கிலி விதி அப்படியே வந்து நிற்கிறது. இருப்பு மட்டத்தைச் சார்ந்தது, மட்டம் நேரத்தைச் சார்ந்தது, இரண்டு வேகங்களும் பெருகுகின்றன.

முன்பு சொன்ன 1,100 கன அடியையே எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 95 மில்லியன் கன அடி. தண்ணீர் 100 மில்லியன் சதுர அடியில் பரந்திருப்பதாக வைத்துக்கொண்டால் மட்டம் நாளுக்கு ஏறக்குறைய ஓர் அடி ஏறும். பரப்பு இருமடங்காகிவிட்டால் அதே தண்ணீர் அரை அடிதான் ஏற்றும். நீர்வரத்து குறையவே இல்லை, ஆனால் மட்டம் ஏறும் வேகம் பாதியாகிறது. நிரம்ப நிரம்ப அணையில் மட்டம் மெதுவாக ஏறுவது ஏன் என்று இப்போது உங்களால் விளக்க முடியும். பன்னிரண்டாம் வகுப்பில் கூம்பு வடிவத் தொட்டியில் நீர் நிரப்பும் கணக்கு வரும். அதுவும் இதுதான்.

வாய்க்கால் தண்ணீரும் வகுத்தல் விதியும்

வகுத்தல் விதிதான் எல்லோரையும் மிரட்டுவது. கழித்தலின் வரிசை, கீழே வர்க்கம் என்று நினைவில் வைக்கப் பல இருக்கின்றன. அதைத் தனி விதியாகச் சுமக்க வேண்டியதே இல்லை. பெருக்கல் விதி தெரிந்தால் அதிலிருந்து இரண்டே வரியில் எடுத்துக்கொள்ளலாம்.

பெரியாறு பிரதான வாய்க்காலின் இருபோகப் பாசனப் பரப்பு 45,041 ஏக்கர். அதற்கு வினாடிக்கு 900 கன அடி வீதம் தண்ணீர் திறப்பது வழக்கம். வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 0.02 கன அடி. ஒரு கன அடித் தண்ணீர் ஐம்பது ஏக்கரைக் காக்கிறது என்று பொருள். எளிமைக்காகப் பரப்பை 45,000 என்று வைத்துக்கொள்வோம்.

நடவு நடக்கிற காலம். தண்ணீரை நாளுக்கு 10 கன அடி கூட்டிக்கொண்டே போகிறார்கள், நட்ட பரப்பும் நாளுக்கு 1,000 ஏக்கர் கூடுகிறது என்று ஒரு கற்பனைக் கணக்கு வைப்போம். ஏக்கருக்குக் கிடைக்கும் தண்ணீர் கூடுகிறதா, குறைகிறதா?

தண்ணீர் என்பது ஏக்கருக்குரிய பங்கு பெருக்கல் பரப்பு. இதற்குப் பெருக்கல் விதியைப் போடுங்கள். தண்ணீர் கூடும் வேகம் 10. அது இரண்டு பட்டைகளின் கூட்டல். ஒன்று, பங்கு அப்படியே நிற்கப் பரப்பு கூடுவதால் தேவைப்படுவது: 0.02 பெருக்கல் 1,000, அதாவது 20. மற்றது, பரப்பு நிற்கப் பங்கு மாறுவதால் வருவது: 45,000 பெருக்கல் பங்கு மாறும் வேகம். ஆகவே 10 கழித்தல் 20ஐ 45,000ஆல் வகுத்தால் பங்கு மாறும் வேகம் கிடைக்கிறது. விடை எதிர்மறை எண். தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனாலும் ஒவ்வொரு ஏக்கரின் பங்கும் குறைந்துகொண்டே வருகிறது. ஒரே நாளை வைத்துச் சோதித்தாலும் போதும். 910ஐ 46,000ஆல் வகுத்தால் 0.01978, முன்பிருந்த 0.02ஐவிடக் குறைவு.

இதைப் பொதுவாக எழுதினால் அதுதான் வகுத்தல் விதி. மேலே இருப்பதன் வகைக்கெழு முதலில் வருகிறது. ஏனென்றால் கேள்வியே அதிலிருந்து தொடங்குகிறது. கீழே இருப்பது வளர்வதால் வரும் இழப்பைக் கழிக்கிறோம். பங்கை 'யூ பை வி' என்று எழுதிச் சுருக்கும்போது இன்னொரு வி கீழே வந்து சேர்ந்து வர்க்கமாகிறது. இந்த வழியில் வந்தவர்களுக்குக் கழித்தல் வரிசை ஒருபோதும் மாறாது.

மதுரையின் பகல் நீளம்

திரிகோணமிதிச் சார்புகளுக்கு ஒரு வார்த்தை. சைனின் வகைக்கெழு கொசைன் என்று படிக்கிறோம். கால்குலேட்டரை டிகிரியில் வைத்து 30 டிகிரியில் நம் சோதனையைச் செய்தால் 0.0151 வரும். கொசைன் 30 டிகிரி 0.8660. பொருந்தவில்லை. விதி தவறா? இல்லை, அந்த விதி ரேடியனுக்கு உரியது. ரேடியனில் வைத்து 0.5இலிருந்து 0.51க்குப் போனால் 0.875 வருகிறது. கொசைன் 0.5இன் மதிப்பு 0.8776. டிகிரியை விட்டு ரேடியனுக்கு ஏன் மாறினோம் என்ற கேள்விக்குச் சோதனையே பதில் சொல்லிவிடுகிறது.

இந்த சைன் வளைவை ஆண்டு முழுவதும் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மதுரை வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருக்கிறது. இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனி முதல் வாரத்தில் பகல் மிக நீளமாக இருக்கிறது, அப்போது நாளுக்கு நாள் மாற்றம் ஏறத்தாழ இல்லை. மார்கழி முதல் வாரத்திலும் அப்படியே. பங்குனியிலும் புரட்டாசியிலும் பகலும் இரவும் சமமாகும் நாட்களில் மாற்றம் மிக வேகம், நாளுக்கு அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். உச்சியில் வேகம் பூச்சியம், நடுவில் வேகம் மிக அதிகம். சைனுக்கும் கொசைனுக்கும் உள்ள உறவு இதுவே.

இந்த உண்மையை நம் நாட்டவர் மிக முன்பே கண்டிருக்கிறார்கள். இரண்டாம் பாஸ்கரர் 1150இல் எழுதிய சித்தாந்த சிரோமணியில், கோள்களின் கணநேர வேகத்தைக் கணிக்கும்போது சைன் மாறும் அளவு கொசைனைப் பொறுத்தது என்று பயன்படுத்தினார். பிறகு, நமக்கு மேற்கே மலைகளுக்கு அப்பால் கேரளத்தில் சங்கமகிராம மாதவரும் அவர் வழி வந்தவர்களும் சைன், கொசைன் ஆகியவற்றுக்கு முடிவிலாத் தொடர்களைக் கண்டார்கள். அந்த மரபைச் சேர்ந்த ஜ்யேஷ்டதேவர் 1530ஐ ஒட்டி யுக்திபாஷா என்ற நூலை எழுதினார். அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. சமஸ்கிருதச் சுலோகங்களில் விடைகளை மட்டும் சொல்லிவந்த காலத்தில், அவர் தம் மாணவர்கள் பேசிய மலையாளத்தில், ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தைப் படிப்படியாக விளக்கினார். ஐந்து நூற்றாண்டுக்கு முன்பே ஒரு நல்லாசிரியர், சூத்திரம் போதாது, காரணமும் வேண்டும், அதுவும் பிள்ளையின் மொழியில் வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்.

செய்ய வேண்டியவை

மாணவர்களே, மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சூத்திரப் பட்டியல் விரல்நுனியில் இருக்கத்தான் வேண்டும். பொதுத்தேர்விலும் நுழைவுத்தேர்விலும் நேரம் குறைவு. ஆனால் முதலில் சோதனை, பிறகு காரணம், அதன் பிறகு மனப்பாடம், கடைசியில் பயிற்சி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். நோட்டின் வலப்பக்கத்தில் விதிப்படி கணக்கைப் போடுங்கள். இடப்பக்கத்தில் ஓர் எண்ணை வைத்து நூறில் ஒரு பங்கு சோதனையைச் செய்யுங்கள். ஒரு கணக்குக்கு இரண்டு நிமிடம் கூட ஆகாது. விடைப் பகுதியைப் புரட்டிப் பார்க்காமலே நம் விடை சரி என்று தெரிந்துகொள்வது பெரிய தைரியம் தரும். ஒரு விதியைச் சோதித்தவுடன் அதை உங்கள் வார்த்தையில் ஒரு வாக்கியமாகத் தோழருக்குச் சொல்லுங்கள். தமிழ் வழியோ ஆங்கில வழியோ, சொல்ல வந்துவிட்டால் புரிந்துவிட்டது என்று பொருள்.

கல்லூரிக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். மாணிக்கவாசகம் பிள்ளையும் நாராயணனும் எழுதிய கால்குலஸ் நூல்களைத் தமிழ்நாட்டில் பல தலைமுறை மாணவர்கள் படித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட நூல்கள் உங்களுக்கு இந்த விதிகள் ஏற்கெனவே வரும் என்று வைத்துக்கொண்டுதான் வேகமாக நகர்கின்றன. பொறியியல் முதலாண்டிலும் அதே நிலைதான். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இப்போது விட்டுவிட்டால், அங்கே நின்று சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது.

பெற்றோர்களே, நீங்கள் இந்தக் கணிதம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. "எத்தனை மார்க்?" என்று கேட்பதோடு, "இந்த விதி எதற்கு? எனக்குச் சொல்" என்றும் கேளுங்கள். வாய்க்காலில் முறைத்தண்ணீர் பாய்ச்சி வளர்ந்தவருக்குத் தண்ணீர் வரும் வேகத்தைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அனுபவத்தோடு பிள்ளையின் பாடம் வந்து சேரும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, நம் பாடத்திட்டத்தில் விதிகள் பதினொன்றாம் வகுப்பில் வருகின்றன, வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள் பன்னிரண்டாம் வகுப்பின் 7ஆம் இயலில் வருகின்றன. விதியைப் படித்த பிள்ளை அது எதற்கு என்று தெரிந்துகொள்ள ஓராண்டு காத்திருக்கிறது. அந்த இடைவெளியை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் நம் ஊரிலிருந்து ஓர் உதாரணத்தை அன்றே கொடுங்கள். இரண்டாவது, சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னால் ஒரு விதிக்கு ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். அந்தப் பாடவேளையில் பிள்ளைகள் எண்களை வைத்துத் தாங்களே சோதித்து, விதி என்னவாக இருக்கும் என்று தங்கள் வாயால் சொல்லட்டும். பாடம் முடியாது, போர்ஷன் பின்தங்கிவிடும் என்ற கவலை எனக்கும் தெரியும். நான்கு விதிகள், நான்கு பாடவேளைகள். அந்த நான்கை இப்போது கொடுத்தால், திருப்புதல் நாட்களில் அதே விதிகளை மறுபடி மறுபடி நடத்துகிற வேலை மிச்சமாகும். இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.